ஹென்றிக்கு நீ போட்ட மார்க்

திருநெல்வேலி,
புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள கமலா,

உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்ட பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள். நர்ஸாக இருந்து எத்தனை ஆயிரம் பேருக்கு நாம் இதைச் சொல்லியிருப்போம், நமக்கென்று வரும்போது மறந்துவிடுகிறது. ஒரு மாதம் தலையோடு தண்ணீர் ஊற்றாதே, அடுப்பு ஊதாதே, குனிந்து வாளி தூக்காதே. மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்.

என் முழங்கால் அப்படியே இருக்கிறது. மாடி ஏறுவதை விட்டுவிட்டேன். மொட்டைமாடியில் துணி காயப் போடுவதுகூடப் பக்கத்து வீட்டுப் பெண்தான். மகளுக்குத் தென்காசிக்கு மாற்றல் ஆகிவிட்டது, ஞாயிறு ஞாயிறு பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

தைப்பூசத்தின்போது நீ கொடுத்தனுப்பிய 'மேஷ்' டிவிடி பெட்டியை, கொரியப் போர்முனை ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றிய அந்த அமெரிக்க டிவி தொடரை, நேற்று ராத்திரிதான் முடித்தேன். ராத்திரி சாப்பாடு ஆனதும் ஒன்று என்று வைத்துக்கொண்டு 256 எபிசோடு, எட்டரை மாதம். கொரியப் போர் நடந்ததே 1950 ஜூனிலிருந்து 1953 ஜூலை வரை, மூன்று வருஷமும் ஒரு மாதமும்தான். அதை வைத்து 1972 முதல் 1983 வரை பதினோரு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். எபிசோடு எபிசோடாக மார்க் போட்டு நீ பெட்டியோடு வைத்திருந்த நோட்டைச் சொன்னபடியே நான் தொடவில்லை. என் மார்க்கைத் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவந்தேன். நேற்று முடித்த கையோடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணி வரை தூங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளப் போகிறது.

முதலில் அந்த ஆஸ்பத்திரியின் கமாண்டர் ஹென்றி பிளேக் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடுக்கு நீ பத்துக்குப் பத்து போட்டிருக்கிறாய். நானும் பத்துதான். அதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டினால் 4, 5, 4, மறுபடி 4. ஓரத்தில் 'ஹென்றி அசடு, கதையே இல்லை' என்று வேறு எழுதியிருக்கிறாய். கமலா, இந்த நாலுகள்தான் அந்தப் பத்தைக் கொண்டுவந்தன. ராத்திரி எல்லாம் யோசித்து எனக்குத் தோன்றியது இது ஒன்றுதான்.

அந்த எபிசோடு வரிசையில் 72வது. அதற்கு முன்னால் மூன்று வருஷமாக அந்த மனிதர் என்ன செய்தார்? தூண்டில் கொக்கிகள் குத்திய மீன்பிடித் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிந்தார். குமாஸ்தா ரேடார் நீட்டிய காகிதத்தில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ரேடார் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுவான், அவர் விழித்துக்கொண்டு நிற்பார். கமாண்டர் என்று பெயர்தான். ஒன்றும் நடக்காத அந்த எபிசோடுகளில்தான் அவர் நம் வீட்டுப் பெரியப்பா மாதிரி ஆகிப்போனார். ஊருக்குப் போகிற அன்றைக்குப் புது சூட் போட்டுக்கொண்டு வருகிறார், ரேடார் ஓரமாக நின்று சல்யூட் அடிக்கிறான், போனவர் திரும்பி வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். ஒழுங்காக இரு, இல்லாவிட்டால் திரும்பி வந்து உதைப்பேன் என்கிறார். முந்தைய 71 எபிசோடையும் பார்க்காத ஒருத்திக்கு இதைப் போட்டுக் காட்டிப் பார், ஏழு மார்க் போடுவாள்.

அடுத்து வரும் காட்சியை நாலு தடவை பார்த்தேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் ரேடார் மாஸ்க் இல்லாமல் நுழைகிறான். டாக்டர் ட்ராப்பர் தலையைத் தூக்காமலே, மாஸ்க்கைப் போடு என்கிறான். நீயும் நானும் இருந்தாலும் அதைத்தான் முதலில் சொல்லியிருப்போம். ரேடார் கையில் இருக்கிற தாளைப் படிக்கிறான். ஹென்றி போன விமானம் ஜப்பான் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை. அவ்வளவுதான். அழுகிறவர்கள் மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும் காட்டி அழுகிறார்கள், கை நிற்கவில்லை. எங்கோ ஒரு கருவி கீழே விழுகிற சத்தம் கேட்கிறது. படம்பிடிக்கும்போது யார் கையிலிருந்தோ தற்செயலாக விழுந்ததாம், அதை அப்படியே விட்டுவிட்டார்கள். கடைசிப் பக்கத்தை நடிகர்களுக்கே முன்கூட்டிக் கொடுக்காமல் மறைத்து வைத்திருந்தார்களாம். 1975 மார்ச் 18ஆம் தேதி ஒளிபரப்பாகியிருக்கிறது. அங்கே வியட்நாம் போர் இன்னும் முடியவில்லை. சைகோன் விழுந்தது ஏப்ரல் 30ஆம் தேதி. மகனுக்குச் சாவுத் தந்தி வந்த வீடுகளில் எல்லாம் அதைப் பார்த்திருப்பார்கள். ஏன் அவரைக் கொன்றீர்கள் என்று கோபமாகக் கடிதங்கள் குவிந்தனவாம். குவியாமல் என்ன செய்யும்?

எனக்கு அந்தப் பஸ் விபத்து ராத்திரி நினைவுக்கு வந்தது. உனக்கும் வந்திருக்கும். விடிகாலை இரண்டு மணி, நாலு டேபிளும் நிறைந்திருந்தது, வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் இல்லாமல் தரையில் படுத்திருந்தார்கள். பெரிய டாக்டர் அன்றைக்குப் பார்த்த சினிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டே தைத்தார், நாமும் சிரித்தோம். மூன்றாவது டேபிளில் அந்தப் பள்ளிக்கூடப் பையன் போனான். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு, "அடுத்த ஆளைக் கொண்டுவாங்க சிஸ்டர்" என்றார். நீ ரத்தம் ஒற்றுகிற மாப் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தாய். பதினொன்று, பன்னிரண்டு என்று நீ சத்தமாகச் சொன்னது நிற்கவே இல்லை, குரல் மட்டும் மாறிவிட்டது. காலையில், கருவிகளை ஆவியில் சுத்தம் செய்கிற ஆட்டோகிளேவ் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாய். நம்மைப் பார்த்தே எழுதியது மாதிரி இருக்கிறது என்று நீ முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், உண்மைதான்.

சிரிப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் ஒட்டுகிற அந்தச் சிரிப்புச் சத்தம் இந்தத் தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டுக்கும் ஜீன் ரெனால்ட்ஸுக்கும் பிடிக்கவில்லையாம். ஒளிபரப்பிய சிபிஎஸ் சானல் விடவில்லை. கடைசியில், ஆபரேஷன் தியேட்டருக்குள் மட்டும் சிரிப்புச் சத்தம் வராது என்று ஒப்பந்தம் ஆனது. பிரிட்டனில் பிபிசி அந்தச் சத்தமே இல்லாமல்தான் காட்டியிருக்கிறது. இந்த டிவிடியிலும் அதை நிறுத்த வசதி இருக்கிறது, மெனுவில் பார். இரண்டாவது சீசனிலிருந்து நான் நிறுத்திவிட்டேன். நிறுத்திய பிறகு டாக்டர் ஹாக்ஐ சொல்கிற ஜோக்குகள் எல்லாம் வேறு மாதிரி கேட்கின்றன. யாரையும் சிரிக்க வைக்க அவன் பேசவில்லை, நிலைகுலைந்து போகாமல் இருக்கத்தான் பேசுகிறான். நீ சத்தத்தோடு பார்த்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். நம் மார்க்கில் பாதி வித்தியாசம் அங்கிருந்தே வந்திருக்கும்.

இப்போது பெரிய சண்டை. ஐந்தாவது சீசனில் நர்ஸ்களைப் பற்றி வருகிற எபிசோடுக்கு, 1976இல் வந்தது, நீ 6 போட்டிருக்கிறாய். நான் 10. எனக்கு இது ஹென்றி எபிசோடுக்கு ஒரு படி மேல். எழுதியதும் ஒரு பெண், இயக்கியதும் ஒரு பெண்.

மார்கரெட் ஹூலிஹன் ஹெட் நர்ஸ். முதல் சீசன்களில் அவளுக்கு ஒரு கேலிப்பெயர், கூடாரத்துக்கு வெளியே எட்டிப்பார்க்கிற ஆண்களுக்கு அவள் ஒரு வேடிக்கை. அப்போதெல்லாம் எனக்கே கோபமாக வந்தது, அந்த எபிசோடுகளுக்கு நானும் குறைத்துத்தான் போட்டேன். இந்த எபிசோடில் அவள் ஒரு சின்ன நர்ஸை வெளியே போகக் கூடாது என்று தண்டித்துவிடுகிறாள். அந்தப் பெண்ணின் புருஷன் அன்றைக்குத்தான் அவளைப் பார்க்க வருகிறான். ஹாக்ஐயும் இன்னொரு டாக்டர் பிஜேயும் தந்திரம் செய்து அவர்களைச் சேர்த்து வைக்கிறார்கள். கடைசியில் உண்மை தெரிந்து மார்கரெட் தன் நர்ஸ்கள் முன்னால் வெடிக்கிறாள். நீங்கள் எல்லாம் கூடிப் பேசிச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே நான் அந்தப் பக்கம் போவேன், ஒரு நாளாவது ஒருத்தியாவது என்னை ஒரு வாய் காப்பி குடிக்கக் கூப்பிட்டீர்களா என்கிறாள்.

கமலா, நான் பதினாறு வருஷம் தியேட்டர் இன்சார்ஜாக இருந்தேன். டூட்டி ரூமில் பிள்ளைகள் ஃபிளாஸ்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள், என் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். நான் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு நாளும் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. நீ வார்டு பக்கம் மாறிப் போன பிறகு எனக்குக் காப்பி ஊற்றித் தர ஆள் இல்லாமல் போனது. மார்கரெட் அதைச் சொன்னபோது டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் நாலு சீசன் கடுகடுவென்று இருந்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் காப்பி எனக்கும் வெறும் காப்பிதான். லொரெட்டா ஸ்விட் என்ற நடிகை. முதல் எபிசோடிலும் இருந்து கடைசி எபிசோடிலும் இருந்தது ஹாக்ஐயாக நடித்த ஆலன் ஆல்டாவும் இவளும் மட்டும்தான். தயவுசெய்து இதை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அந்த 6ஐத் திருத்து.

மற்றவை பரவாயில்லை. நிருபர் வந்து எல்லோரையும் பேட்டி எடுக்கிற கறுப்பு வெள்ளை எபிசோடுக்கு இருவரும் 9. அதில் பாதிரியார், குளிர்காலத்தில் வயிற்றைத் திறக்கும்போது எழும் ஆவியில் டாக்டர்கள் கையைச் சூடாக்கிக்கொள்வதைச் சொல்கிறாரே, அந்த இடம். காயம்பட்ட சிப்பாயின் கண் வழியாகவே முழுவதும் காட்டுகிற எபிசோடுக்கு நீ 10, நான் 8. யோசித்துப் பார்த்தால் நீ போட்டதுதான் சரி. படுத்துக்கிடக்கிறவனுக்கு நம் முகம் எப்படித் தெரியும் என்று நாம் ஒரு நாளும் பார்த்ததில்லை.

கொரியா என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டிலிருந்தும் ஒரு மருத்துவப் படை அங்கே போயிருக்கிறது, 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். சண்டைக்கு ஆள் அனுப்பாமல் இந்தியா அவர்களை மட்டும் 1950 நவம்பரில் அனுப்பியது. தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த 'ஏ' ஆற்காடு. பியாங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கியபோது, மருந்துகளை விட்டுவிட்டு வர மனசில்லாமல், கைவிட்டுக் கிடந்த ஒரு ரயில் என்ஜினைக் கிளப்பி, சாமான்களை ஏற்றிக்கொண்டு, பாலத்தை உடைப்பதற்கு முன்பு தாண்டி வந்திருக்கிறார்கள். 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்தும் போயிருக்கிறார்கள். ரங்கராஜுக்கு மகா வீர் சக்ரா கிடைத்தது. இதை நான் பேரனுக்குச் சொன்னேன், இரண்டாம் தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

உன் மகன் உனக்கு எழுதித் தந்த அந்த எண்களை நோட்டின் கடைசியில் பார்த்தேன். எத்தனை வீடுகளில் பார்த்தார்கள் என்று அமெரிக்காவில் எடுக்கிற நீல்சன் கணக்கில் முதல் வருஷம் 46வது இடம், நிறுத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சனிக்கிழமைக்கு மாற்றிய பிறகு இரண்டாம் வருஷம் 4வது இடம். கடைசி எபிசோடுக்கு 1983 பிப்ரவரி 28 அன்று 60.2 ரேட்டிங், 77 ஷேர் என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். முதல் எண், டிவி இருக்கிற வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீடு பார்த்தது என்பது. இரண்டாவது, அந்த நேரத்தில் டிவி போட்டிருந்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை என்பது. ஆள்கணக்கில் 10 கோடியே 59 லட்சம் பேர். இவ்வளவு பேர் அன்றைக்கு ஒரு ராத்திரிக் கதையைப் பார்க்க உட்கார்ந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பதினோரு வருஷம் பழகியவர்களை வழியனுப்ப வந்தவர்கள் அவர்கள்.

அந்த எபிசோடுக்கு நீ 10 போட்டு, கீழே 'கோழி' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாய். பார்த்தவர்களுக்கு அது போதும். ஹாக்ஐ பஸ்ஸில் கேட்டது கோழிச் சத்தம் இல்லை, ஒரு குழந்தையின் அழுகை என்று தெரிகிற இடத்தில் நான் எழுந்து விளக்கைப் போட்டேன். என் நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. தனியாக உட்கார்ந்து மார்க் போட முடியவில்லை.

பெட்டியைப் பார்சலில் அனுப்புகிறேன். கூடவே கூழ் வடகமும் சுண்ட வற்றலும் வைத்திருக்கிறேன். வடகம் இந்த வருஷம் உப்புக் கொஞ்சம் தூக்கல், குழம்பில் பார்த்துப் போடு. கடைசி டிஸ்க்கை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன், தொலைந்துபோனது என்று தேடாதே. பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அதற்குள் கண்ணும் சரியாகிவிடும். கனுவன்று ராத்திரி சேர்ந்து பார்ப்போம். ஃபிளாஸ்க் நிறையக் காப்பி போட்டு வைக்கிறேன்.

உன் அன்புள்ள,
செல்வி