மாநாட்டுப் பை மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மருத்துவச் சங்கங்கள் மாநாடு நடத்துவதோடு நிற்காமல் ஆய்வு செய்பவர்களுக்கும் கைகொடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மருத்துவச் சங்கத்தின் மாநில மாநாட்டுக்குப் போயிருந்தேன். நல்ல ஹோட்டல், நல்ல சாப்பாடு, மருந்து கம்பெனி ஸ்டால்களில் நல்ல கூட்டம். என் பி.ஜி. மாணவி ஆறு மாதம் வார்டு வார்டாக அலைந்து செய்த ஆய்வின் போஸ்டரை மட்டும் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள், மதிப்பெண் போட வேண்டியவர் கடைசிவரை வரவே இல்லை, சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள்தான் பொழுது போகாமல் அதைப் படித்தார்கள்.

எல்லாச் சங்கமும் இப்படி என்று சொல்லவில்லை. 1944-ல் தொடங்கிய பொது மருத்துவ நிபுணர்களின் சங்கமான 'அசோசியேஷன் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் ஆஃப் இந்தியா' இன்றும் மாதாமாதம் ஆய்விதழ் கொண்டுவருகிறது, அவர்களுடைய பாடப்புத்தகத்தைப் படித்துத்தான் எங்களில் பலர் தேர்வே எழுதினோம்.

எம்.டி. படிப்புக்கு தீசிஸ் (ஆய்வேடு) கட்டாயம், ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையம். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆய்வு முறைகளை ஆன்லைனில் சொல்லித் தருகிறது, சரி, ஆனால் வீடியோ பார்த்து முடித்த பிறகு "சாம்பிள் சைஸ் எவ்வளவு சார் வைக்கணும், எத்தனை பேரை ஆய்வில் சேர்க்கணும்?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? அப்படி ஆள் இல்லாததால்தான் மாணவர்களும் ஆசிரியர்களும் காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்களில் போய் விழுகிறார்கள். சங்கத்தின் மாவட்டக் கிளைகள் மாதம் ஒரு சனிக்கிழமை புள்ளியியல் தெரிந்த ஒருவரை உட்கார வைக்கலாம், மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பைக்கு ஆகிற செலவுகூட ஆகாது. அந்தப் பை என் வீட்டிலேயே ஏழு இருக்கிறது, ஒன்றில் வெங்காயம் வைத்திருக்கிறோம்.

– ஒரு மருத்துவ ஆசிரியர், திருச்சி