ஆடியில் வாங்கிய சீர் சாமானுக்கு ஆவணியில் யார் பொறுப்பு?

நெல்லைச் சீமை வீட்டு உபயோகப் பொருள் கடை அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கு, வணக்கம்.

நெல்லை டவுன் ரத வீதிகளிலும் வண்ணார்பேட்டையிலும் பாளையிலும், தெற்கே வள்ளியூர், திசையன்விளை வரையிலும் பிரிட்ஜ், வாஷிங் மிஷின், கிரைண்டர், மிக்சி விற்கிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். எந்தக் கடையையும் பெயர் சொல்லிக் குறை கூற வரவில்லை. நம் ஊர் வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் உட்கார்ந்து பேசாத ஒரு சங்கடத்தைப் பேச வேண்டியிருக்கிறது.

ஆடியில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. முகூர்த்தம் ஆவணிக்குக் குறித்திருக்கும், தள்ளுபடியோ ஆடியில். அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் அம்பையிலிருந்தும் களக்காட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்து சீர் சாமான்களை ஆடியிலேயே வாங்கிவிடுகிறார்கள். அட்டைப் பெட்டி பிரிக்காமல் வீட்டு மச்சிலோ சொந்தக்காரர் வீட்டிலோ கிடக்கும். கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, பெண் குடித்தனம் போய்ப் பால் காய்ச்சும்போதுதான் பிரிப்பார்கள். சாமானில் குறை இருந்தால் அன்றைக்குத்தான் தெரியும், அதுவும் சம்பந்தி வீட்டார் முன்னால் தெரியும். வாரண்டியோ நீங்கள் பில் போட்ட நாளிலேயே ஓட ஆரம்பித்திருக்கும்.

என் தங்கச்சி மகளுக்குத் தாய்மாமன் சீராக நான் வாங்கிய பிரிட்ஜுக்கு இதுதான் நடந்தது. வாங்கியது நெல்லையில், போய் இறங்கியது நாங்குநேரி பக்கத்துக் கிராமத்தில். பிளக்கைச் சொருகியதும் லைட் எரிந்தது, மோட்டார் ஓடியது. ரெண்டொரு நாளில் பால் திரிந்துபோனது. பிரீசரில் ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஐஸ் பிடித்திருந்தது, மற்ற இடமெல்லாம் வெறும் ஈரம். பின்பக்கம் கையை வைத்தால் கம்ப்ரசர் சுட்டது. ராவும் பகலும் நிற்காமல் ஓடியது. பிரிட்ஜ் வேலை தெரிந்தவர்கள் இந்த அடையாளங்களைக் கேட்டதுமே கேஸ் லீக்கைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த தம்பி கேஸ் ஏற்றிவிட்டுப் போனார். கொஞ்ச நாள் குளிர்ந்தது, மறுபடி பழைய கதை. மறுபடி கேஸ் ஏற்றினார்கள். பிரிட்ஜுக்குள் இருக்கிற கேஸ், வண்டிக்குப் போடுகிற பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீருகிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது அது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கசிகிற இடத்தைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றுவது வைத்தியமே இல்லை. கடைசியில் அந்தத் தம்பி, "உங்க ஊர்ல வோல்டேஜ் சரியில்ல" என்றார். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரசர் போகலாம், போர்டு போகலாம். வெல்டிங் வைத்த இணைப்பில் ஓட்டை விழாது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று அந்த ஓடிபி. வேலை முடிந்ததா இல்லையா என்று பார்க்குமுன்பே, "போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கக்கா" என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். புதுப் பெண், வீட்டுக்கு வந்தவரிடம் மறுக்கத் தெரியாமல் சொல்லிவிடுகிறாள். அந்த நம்பர் போய்ச் சேர்ந்ததும் கம்பெனிக் கணக்கில் புகார் 'தீர்ந்தது' என்று மூடப்படுகிறது. பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் அது புதுப் புகார். ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்ததற்கான தடமே இருக்காது. பிரிட்ஜ் குளிர்ந்து ஒரு ராத்திரியாவது தாண்டாமல் அந்த நம்பரைக் கொடுக்க வேண்டாம், வந்தவர் என்ன செய்தார் என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

நான் கடைக்கு வந்து கேட்டபோது கிடைத்த பதில், "அண்ணாச்சி, நாங்க வித்ததோட சரி, இனி கம்பெனிக்காரன் பாத்துக்கிடுவான்" என்பதுதான். அங்கே பெண்ணின் மாமியார், "புது பிரிட்ஜுன்னுதானே சொன்னாவ?" என்று கேட்டிருக்கிறார். அவர் மனதில் எதையும் வைத்துக் கேட்கவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் குடித்தனம் போன ஒரு மாதத்துக்குள் அந்தக் கேள்வியைக் கேட்டு நின்ற பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன். என் தங்கச்சி அழுதாள். பதிவுத் தபாலில் எழுத்துமூலமாகப் புகார் அனுப்பிய பிறகுதான் வேறு பிரிட்ஜ் வந்தது.

"வித்ததோட சரி" என்ற வார்த்தையைச் சட்டம் ஏற்றுக்கொள்வதில்லை, அண்ணாச்சிமாரே. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வந்து, 2020 ஜூலையில் நடைமுறையாகிவிட்டது. அதில் வணிகர் என்றால் விற்கிறவரும் சேர்த்தி, தயாரிக்கிறவரும் சேர்த்தி. கடை, கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாக்கி வாங்கியவர் புகார் கொடுக்கலாம். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருக்கிறீர்களே, குறையுள்ள சாமானுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதை அந்தச் சட்டமே நேர்மையற்ற வணிகம் என்கிறது. பில் கொடுக்காமல் விற்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. "எஸ்டிமேட் போதும்னா ஜிஎஸ்டி மிச்சம்" என்று துண்டுச் சீட்டில் விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும்போதே 30 நாள் கழிந்துவிட்டால் எல்லாம் போயிற்றா என்றால், இல்லை. குறை தெரிந்து 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். குறையைச் சரிசெய்து கொடு, வேறு பொருள் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, நஷ்ட ஈடு கொடு என்று உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வாங்கிய விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. குறை கண்ணுக்குத் தெரியாத வகை என்றால் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அதற்கான செலவை மட்டும் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டியிருக்கும். ஆய்வு தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் வாய்தா நீளும் என்பதையும் மறைக்க வேண்டாம். அதற்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதியலாம்.

சீர் சாமானுக்கென்று முக்கியமான இரண்டு விஷயங்களும் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. பில் தாய்மாமன் பெயரிலோ அப்பா பெயரிலோ இருக்கும், பயன்படுத்துவது பெண். "பில்லுல உள்ளவரு வரட்டும்" என்று அவளைத் திருப்பி அனுப்புகிறீர்கள். காசு கொடுத்தவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டம் சொல்கிறது. அவளே நேரடியாகக் கேட்கலாம். இன்னொன்று, சாமான் வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் சென்னையோ கோயம்புத்தூரோ, அவள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம்.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆன்லைனில் விலையைப் பார்த்துவிட்டு வந்து கடையில் பேரம் பேசுகிறார்கள். லாபம் சொற்பம். திரும்ப வாங்கிய சாமானுக்குக் கம்பெனி உடனே வரவு வைப்பதும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வாஷிங் மிஷினுக்கும், எலி கடித்த ஒயருக்கும் உங்களைப் பொறுப்பாக்க யாரும் கேட்க மாட்டோம். கேட்பது பிறவிக் குறைக்கு மட்டும்தான். ஒரு சீசனுக்கு நூற்றுக்கணக்கில் விற்றுக் கொடுக்கிற கடைக்காரர் போன் அடித்தால் கம்பெனி ஏரியா மேனேஜர் எடுப்பார். முக்கூடலில் பீடி சுற்றி மாதத் தவணை கட்டுகிற அக்கா அடித்தால் பாட்டுத்தான் கேட்கும். அந்த அக்காவுக்கு மிஷின் ஓடாமல் நின்றாலும் தவணை நிற்பதில்லை. பைனான்ஸ்காரருக்கு மிஷினைப் பற்றிக் கவலை இல்லை. எங்கள் ஊர்களில் யாரும் கம்பெனி முகத்தைப் பார்த்து வாங்குவதில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

இதோடு 'கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி' என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கம்பெனிகளில் அந்தப் பத்து வருடம் கம்ப்ரசர் என்ற ஒரு உருப்படிக்கு மட்டும். முதல் வருடம் தாண்டியதும் கேஸ் ஏற்றும் செலவு, கூலி, ஆள் வந்து போகும் செலவு எல்லாம் வாங்கியவர் தலையில். படிக்கத் தெரிந்தவர்களே இதைக் கவனிப்பதில்லை. விற்கும்போது வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

ஆகவே, வருகிற ஆடி விற்பனைக்கு முன்னால் உங்கள் வியாபாரிகள் சங்கத்தில் கூடிப் பேசி, சீர் சாமான் என்று சொல்லி வாங்குகிறவர்களுக்கு பிரித்துப் பொருத்திய நாளிலிருந்து வாரண்டி ஓடுகிற மாதிரிக் கம்பெனிகளிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். இது சட்டத்தில் இல்லாதது, நம் ஊர் வழக்கத்துக்காக நான் கேட்பது. கம்பெனி முரண்டு பிடித்தால், வாங்கிய அன்றே பெட்டியைப் பிரித்து, கடையிலேயே கரண்ட் கொடுத்து ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்பக் கட்டிக் கொடுங்கள். கேஸ் லீக் மாதிரி மெல்லத் தெரிகிற குறை அதில் அகப்படாது என்றாலும், ஓடாத மோட்டாரும் உடைந்த டிரேயும் அன்றே தெரிந்துவிடும். பில்லில் வாங்கியவர் பெயரோடு, பயன்படுத்தப் போகிற பெண்ணின் பெயரையும் எழுதுங்கள். வாரண்டி கார்டை வெறுமனே பெட்டிக்குள் போடாமல், சீரியல் நம்பரும் தேதியும் நிரப்பி, கடை முத்திரை குத்திக் கையில் கொடுங்கள். குறை என்று வருகிறவரிடம் வாய்ப்பேச்சோடு அனுப்பிவிடாமல், இன்ன தேதியில் இன்ன குறை சொன்னார் என்று கடை தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒரே கோளாறு சர்வீஸ் சென்டரால் தீராமல் திரும்ப வந்தால், மாற்றித் தரச் சொல்லிக் கம்பெனியோடு பேசுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்கம் என்ன முடிவு எடுக்கிறதோ அதை ஆடி முதல் தேதிக்குள் கடை வாசலில் எழுதி வைத்தால், சீர் வாங்க வருகிறவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். கூட்டத்தில் நுகர்வோர் தரப்பைச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
சேரன்மகாதேவி