கேள்வி கேட்ட பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள்

செட்டிநாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளின் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருப்பவன். இறையியல் படித்தவன் அல்லன். சென்ற மாதம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், “கடவுள் இருக்கிறார் என்று நமக்கு எப்படித் தெரியும்?” என்று என் மகள் கேட்டதற்கு, “நம்பினால் போதும், உட்கார்” என்ற பதிலே கிடைத்தது. சொன்னவர்மேல் வருத்தமில்லை; ஆனால் அது திருச்சபையின் பதில் அன்று.

படைப்புகளிலிருந்து, மனித அறிவின் இயல்பான ஒளியாலேயே கடவுளை உறுதியாக அறிய முடியும் என்று 1870-இல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான முதலாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அறிவுக்கு எட்டாத மறைபொருள்களும் உண்டு, அவற்றுக்கு இறைவெளிப்பாடு வேண்டும் என்பதையும் அது மறைக்கவில்லை. அதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பே இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாஸ், நம் அறிவு புலன்களிலிருந்தே தொடங்குகிறது என்று கொண்டு, கண்ணால் காணும் இயக்கத்திலிருந்து கடவுளை நோக்கி, அவர் இருக்கிறார் என்பதற்கான தம் முதல் வாதத்தை நகர்த்தினார்.

என்னை மிகவும் ஈர்த்தவர் ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன். தனித்தனியே நிற்க வலுவில்லாத பல சான்றுகள் ஒன்றுசேர்ந்து மனத்தில் உறுதியை உண்டாக்கும் என்று அவரும் அதே 1870-இல்தான் எழுதினார். என் தொழிலில் அது அன்றாட நடப்பு: ஒரு தூண் பர்மாத் தேக்குதானா என்பதை எடை, ரேகை, வாசனை, உளி பட்ட தடம் ஆகியவற்றுள் எதுவும் தனியாகச் சொல்லாது, எல்லாம் சேர்ந்தால் கை சொல்லிவிடும். ஆனால் அந்தக் கையும் ஒருமுறை ஏமாந்திருக்கிறது. சாயம் ஏற்றிய புதுமரத்தைப் பழையதென்று வாங்கி வந்தேன்.

ஆகவே அனுபவம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. செபக்கூட்டங்களில் “ஆண்டவர் என்னிடம் பேசினார்” என்று சொல்லப்படும் ஒவ்வொரு சாட்சியமும் அறிவின் சோதனைக்கு உரியதே. அனைத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும்படி திருத்தூதர் பவுல் தெசலோனிக்க நகரக் கிறிஸ்தவர்களுக்கு எழுதியது அதனால்தான்.

காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர் என்ற வசனத்தை நீங்கள் எடுத்துக்காட்டலாம். அதைச் சொல்லுமுன், தாம் உயிர்த்தெழுந்ததை ஐயுற்ற சீடர் தோமாவுக்கு இயேசு தம் காயங்களைக் காட்டினார். அவரை அதட்டி உட்காரவைக்கவில்லை.

ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடத்தைப் பிள்ளைகளின் கேள்விகளுக்கென ஒதுக்குங்கள். விடை தெரியாவிட்டால், “அடுத்த வாரம் படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்றாலே போதும். என் மகள் காத்திருப்பாள்.

அன்புடன்,
பங்கு உறுப்பினர் ஒருவர்,
காரைக்குடி