மணலியில் இருக்கும் மகனுக்கு

தண்டையார்பேட்டை

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சித்தப்பா வீட்டு விசேஷத்தில் உன் இடது புருவத்துக்கு மேலே தையலைப் பார்த்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அது அப்படியே இருக்கட்டும், நான் கேட்கவில்லை. ஆனால் கன்டெய்னர் யார்டில் இரவு டியூட்டி பார்க்கிறவனுக்குச் சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டிரெய்லர் பின்னால் வரும்போது டிரைவருக்குப் பின்பக்கம் தெரியாது என்பதைத் துறைமுகத்தில் எத்தனையோ முறை பார்த்தவன் நான். விசிலை ஊதிக்கொண்டு வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நிற்காதே. கேட் பாஸ் இல்லாதவனை மறிப்பது உன் வேலைதான். குடித்துவிட்டு நாலைந்து பேராக வருகிறவர்களை ஒற்றை ஆளாக, கையில் ஒரு தடியோடு எதிர்த்து நிற்பது உன் வேலை அல்ல. உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு 100-க்கு போன் செய்.

2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டத்தையொட்டி வந்த மத்திய மாதிரி விதிகள், புதிதாகச் சேரும் காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்கின்றன. உனக்குச் சட்டையும் தொப்பியும் கொடுத்து அன்றிரவே கேட்டில் நிறுத்தினார்கள். நீ அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாருக்கு அடிபட்டாலும் ஸ்டான்லி அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டு எழுதும் விபத்துப் பதிவேட்டைத்தான் பிறகு எல்லோரும் புரட்டுவார்கள். அடித்தார்கள் என்றால் அடித்தார்கள் என்றே சொல்ல வேண்டும். விழுந்ததாகச் சொல்லிவிடு என்று சூப்பர்வைசர் சொன்னால், அது உனக்காகச் சொல்வதல்ல. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிறவனுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, வேலையில் பட்ட காயம் என்று பதிவானால், சேர்ந்த முதல் நாளாக இருந்தாலும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வரை கிடைக்கும். வீட்டில் விழுந்தவனுக்கு அந்த உரிமை இல்லை.

தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை நீ கட்டுகிறாய் என்று தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கட்டணத்துக்காகத்தான் வாய் திறக்காமல் இருக்கிறாய் என்றால், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் பென்ஷன் இருக்கிறது, சமாளிப்போம். மறுபடியும் சொல்கிறேன், தனியாக மறிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது இ.எஸ்.ஐ. அட்டையையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்து வா. சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் எடுத்து வா.

அன்புடன்,
அப்பா