ஆச்சியின் காது

அன்பு மகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய ஆச்சியின் ஓவியத்தைக் கைப்பேசியில் பார்த்து உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் மெச்சினார்கள், நானும் மெச்சினேன். ஆனாலும் ஏதோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. அது என்னவென்று வியாழக்கிழமையன்று, லண்டன் நேஷனல் கேலரியில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த ஒரு மூதாட்டியின் முன் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

அவர் பெயர் மார்கரேத்தா த கேர். நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரத்தில், இரும்பும் ஆயுதமும் விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்த யாக்கோப் டிரிப்பின் மனைவி. மார்கரேத்தாவின் தம்பி லூயிக்கு 1641-இல் ஸ்வீடனில் பிரபுப் பட்டம் கிடைத்தது. மார்கரேத்தாவின் பிள்ளைகள் ஆம்ஸ்டர்டாமில் கட்டிய மாளிகைக்குப் புகைபோக்கியைக்கூடப் பீரங்கி வடிவில்தான் வைத்தார்கள் என்றால் வீட்டுச் செருக்கை நீயே ஊகித்துக்கொள். வரைந்தவரோ 1656-இல் கடன் முற்றி நொடித்துப்போனவர்.

ஓவியம் 1661-ஐ ஒட்டி வரையப்பட்டது. அப்போது அந்த அம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது இருக்கும். இருட்டுக்குள் நாற்காலியில் நேராக அமர்ந்து, கைக்குட்டையைப் பிடித்தபடி நம்மையே பார்க்கிறார். இமை ஓரம் சிவந்திருக்கிறது, கன்னம் ஒட்டியிருக்கிறது, புறங்கையில் நரம்பு புடைத்திருக்கிறது. கிட்டே போனால் அந்தக் கை வெறும் வண்ணத் தீற்றலாகக் கலைந்துவிடுகிறது. நான்கடி பின்னால் வந்தால் மறுபடி ஒரு கிழவியின் கையாகக் கூடிக்கொள்கிறது. (இப்படி முன்னும் பின்னும் நான் நடந்ததைக் காவலர் ஒருவர் ஐயத்தோடு கவனித்துக்கொண்டிருந்தார்.)

கழுத்தைச் சுற்றித் தாம்பாளம் போல ஒரு வெள்ளைக் கஞ்சிக் கழுத்துப்பட்டை. அந்த வகைப் பட்டை அப்போதே பல ஆண்டுகளுக்கு முன் வழக்கொழிந்துபோன ஒன்று. புதிய மோஸ்தரில் எதையும் வாங்கி அணிய வசதியிருந்தும் தம் வாலிபக் காலத்து உடையை அவர் விடவில்லை. ரெம்பிராண்ட்டும் அதை மறைக்கவில்லை, கேலியும் செய்யவில்லை.

நம் ஆச்சியும் அப்படித்தானே இருந்தாள்? தெருவில் அத்தனை பேரும் காதைத் தைத்துக்கொண்டு கம்மலுக்கு மாறிய பிறகும், தோள் தொட ஆடிய அந்தப் பாம்படத்தை அவள் கழற்றவில்லை. வெயிலில் பேசிக்கொண்டே திரும்பும்போது அது கழுத்தில் இடிக்கும்; ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்வாள். நீ அந்தக் காதைத் தலைமுடியால் மூடி, சிறு தோடு ஒன்றைப் போட்டிருக்கிறாய். நெற்றிச் சுருக்கத்தையும் வழித்துவிட்டாய். அன்பினால்தான் செய்தாய் என்று தெரியும், ஆனால் படத்தில் இருப்பவள் யாரோ ஒரு நல்ல பாட்டி. என் அம்மா இல்லை.

காதை மட்டுமாவது மறுபடி வரைவாயா? பாம்படம் ஒன்று பீரோவின் மேல்தட்டில், அவளுடைய சுருக்குப்பையிலேயே இருக்கிறது. உன் அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள். உள்ளே அரக்கு நிறைத்தது, ஓரத்தில் சிறிது நசுங்கியிருக்கும். அந்த நசுங்கலையும் விட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா