உளநோய் விடுதிகளில் தமிழில் உளவளத்துணை வழங்கக் கோரும் மனு

செயலாளர்,
சுகாதார அமைச்சு,
சுவசிரிபாய,
கொழும்பு 10.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

கொழும்பு 13, கொட்டாஞ்சேனையில் வசிக்கும் நான், இல்லாத குரல்கள் கேட்டுப் பல நாட்கள் உறக்கமிழந்திருந்த என் தாயார் கடந்த ஆண்டு இம்மாவட்டத்து அரச வைத்தியசாலையொன்றின் உளநோய் விடுதியில் மூன்று வாரங்கள் தங்கிச் சிகிச்சை பெற்றபோது நேரில் கண்டவற்றை முன்வைத்து இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன். வைத்தியர்களையோ தாதியரையோ குறைகூறுவது என் நோக்கமன்று. நெரிசல் மிகுந்த அந்த விடுதியில் அவர்கள் காட்டிய பொறுமையை நான் மறக்கவில்லை. உரிய குளிசைகள் கிடைத்தன, உறக்கமும் திரும்பியது. மனம்விட்டுப் பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை.

கடைக்குப் போய்வரும் அளவுக்கே அம்மாவுக்குச் சிங்களம் தெரியும். ஆகவே வைத்தியரின் கேள்விகளை நானே தமிழில் கேட்டு, பதில்களைச் சிங்களத்தில் சொன்னேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று பெற்ற தாயிடம் மகனே கேட்க நேர்ந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "இல்லை" என்றார், அவ்வாறே பதியப்பட்டது. வீடு திரும்பிப் பல வாரங்களின் பின்னரே என் பெரியம்மாவிடம் உண்மையைச் சொன்னார். இடையில் நின்றவன் நானாக இருந்ததாலேயே மறைத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் இல்லாத வேளைகளில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் மொழிபெயர்த்தார். நல்ல மனிதர்தான், ஆயினும் அது அவருடைய கடமையுமன்று, என் தாயாரின் அந்தரங்கம் அவர் அறியவேண்டியதுமன்று.

நோய் தணிந்த பிறகு உளவளத்துணை (பேச்சுவழி உளநல ஆலோசனை) பற்றிப் பார்க்கலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால், இல்லாத குரல்கள் கேட்பது போன்ற உளப்பிறழ்வு நோய்கள் குறித்து, சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டல், எண்ணங்களையும் நடத்தையையும் உரையாடல் மூலம் சீர்செய்ய உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை நோய் கடுமையாக உள்ள கட்டத்திலேயே, விடுதியில் இருக்கும்போதே தொடங்கலாம் என்கிறது. அதனைக் குறைந்தது 16 அமர்வுகளாகவும், குடும்பத்தினருக்கான சிகிச்சையைக் குறைந்தது 10 அமர்வுகளாகவும் வழங்கவேண்டும் எனவும் அது கூறுகிறது. சில வாரத் தங்கலில் இத்தனையும் முடிக்க இயலாதுதான். ஆனால் விடுதியில் தொடங்கியதைக் கிளினிக்கில் தொடரலாம்.

1926 என்ற உளநல உதவி இலக்கம் இருப்பதை அறிவேன். ஆனால் அம்மாவை விடுதியில் அனுமதிக்கும்போதே அவரது கைப்பேசியை எங்களிடம் தந்துவிட்டார்கள்.

எனவே, கொழும்பு மாவட்டத்து உளநோய் விடுதிகள் ஒவ்வொன்றிலும் தமிழில் உரையாடக்கூடிய, பயிற்சிபெற்ற உளவியலாளர் அல்லது உளவளத்துணையாளர் ஒருவரை நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நியமனத்துக்குக் காலம் எடுக்குமாயின், குறிப்பிட்ட நாட்களில் விடுதிகளுக்குச் சுற்றிவரும் ஒருவரையேனும் உடன் ஒழுங்குசெய்யுங்கள். தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளை உறவினர் மூலம் கேட்பதைத் தவிர்க்குமாறு சுற்றறிக்கை அனுப்புவதற்கு நிதி ஒதுக்கீடும் தேவைப்படாது. வீடு திரும்பும் முதல் வாரங்களிலேயே தற்கொலை அபாயம் மிக அதிகம் என்பதால், முதல் வாரத்துக்குள் நோயாளருடன் தமிழில் தொலைபேசியில் பேசுவதற்கும் ஒருவரைப் பொறுப்பாக்குமாறு வேண்டுகிறேன்.

அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை எங்களுக்கு வழங்கியுள்ளது. பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கு அவ்வுரிமையைக் கோரும் நாங்கள், உளநோய் விடுதியில் அதைக் கோர எண்ணியதேயில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

தங்கள் அலுவலகம் அழைக்கும் நாளில் வைத்தியசாலை ஆவணங்களுடன் நேரில் வந்து விளக்கமளிக்கத் தயாராக உள்ளேன்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.