டெஸ்க்கைத் தரையோடு முடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகளுக்குப் புதிய வகுப்பறைக் கட்டடங்கள் வருவது பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி பார்க்கிறேன். அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேலாக இயற்பியல் நடத்துகிறவன் நான். எத்தனை அறை, எத்தனை கோடி என்று செய்தியில் வருகிறது. அறைக்குள் என்ன போடப்போகிறார்கள் என்பது மட்டும் வருவதே இல்லை.

எங்கள் பழைய கட்டடத்தில் ஓட்டுக்கூரை, மரப் பெஞ்சு. மழைக்காலத்தில் ஒழுகும். ஆனால் பெஞ்சைத் திருப்பிப் போடலாம். மின்சுற்றுக் கணக்கு ஒன்றைப் போர்டில் எழுதிவிட்டு, "ஒன்று, மூன்று, ஐந்தாம் வரிசை எல்லாம் பின்னாடி திரும்புங்க" என்பேன். நாலைந்து பேராக முகம் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் கிளம்பும். "பேரலல்ல கரன்ட்தான்டா பிரியும், வோல்டேஜ் பிரியாது" என்று ஒருவன் இன்னொருவனுக்கு அடித்துச் சொல்லிக்கொண்டிருப்பான். நான் மூன்று முறை சொல்லியும் ஏறாதது, நண்பன் சொன்னதும் ஏறிவிடும். எனக்கு அதில் வருத்தமே கிடையாது.

பிறகு புதிய கட்டடத்துக்குப் போனோம். டைல்ஸ் தரை, நல்ல வெளிச்சம், சுவரில் ஸ்மார்ட் போர்டு. டெஸ்க்கையும் பெஞ்சையும் ஒரே இரும்புச் சட்டத்தில் வெல்டு வைத்து, தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். ஏன் இப்படி என்று விசாரித்தேன். "வரிசை கலைஞ்சுட்டா பரீட்சைக்கு யார் சார் அடுக்குறது?" என்று பதில் வந்தது. வருடத்தில் சில வாரங்கள் நடக்கும் பரீட்சைக்காக, மீதி நாளெல்லாம் பிள்ளைகள் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்து உட்கார வேண்டியிருக்கிறது.

இதே பிள்ளைகள் சிறு வயதில் எப்படிப் படித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்து வளர்த்த முறை. குழந்தைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரோரமாக அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்வான கரும்பலகை அடித்து, ஆளுக்கொரு பங்கு கொடுத்தார்கள். அந்த முறையில் குறை சொன்னவர்களும் உண்டு, சரி. ஆனால் 2007-ல் ஒன்றாம் வகுப்பில் அப்படி வட்டமாக உட்கார்ந்த தலைமுறைதான் 2019-ல் என் முதலாமாண்டு வகுப்புக்கு வந்தது. ஆறு வயதில் சுவரில் எழுதிப் பழகிய கைகளுக்குப் பதினெட்டு வயதில் நாம் கொடுத்தது அசையாத டெஸ்க்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பைக்னர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களில் லெக்சர் ஹாலையே மாற்றி அமைத்தார். ஏழடி விட்டமுள்ள வட்ட மேஜை, அதைச் சுற்றி ஒன்பது பேர், மும்மூன்று பேராக மூன்று குழு. சுவர்களில் மாணவர்கள் எழுதுவதற்கு வெள்ளைப் பலகைகள். ஆசிரியர் மேஜைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இருப்பார். அங்குள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் (எம்ஐடி) பின்னர் தன் முதலாண்டு இயற்பியலுக்கு இதே போன்ற அறைகளைக் கட்டியது. அங்கே தொடக்கத்தில் மாணவர்களே எதிர்த்து மனு கொடுத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. மேஜை பாடம் நடத்தாது. நடத்தும் விதமும் மாற வேண்டும். அப்படி மாறினால் பலன் இருக்கிறது. 2014-ல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்காட் ஃப்ரீமனும் அவரது குழுவினரும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் லெக்சர் கேட்ட வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேர் தேர்ச்சி பெறவில்லை. பங்கெடுத்துப் படித்த வகுப்புகளில் சுமார் 22 சதவீதம்.

அதற்காக அந்த வட்ட மேஜையை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அறுபது எழுபது பேர் நெருக்கி உட்காரும் நம் அறைகளில் அது அடங்காது. நமக்கு இரண்டு பேர் உட்காரும் லேசான மேஜை, தனித்தனி நாற்காலி போதும். இரண்டு மேஜையைச் சேர்த்தால் நாலு பேர் குழு, பிரித்தால் பரீட்சை வரிசை. வரிசை எங்கே வர வேண்டும் என்று தரையில் சின்னதாகப் பெயின்ட் புள்ளி வைத்துவிட்டால் பிள்ளைகளே பத்து நிமிடத்தில் அடுக்கிவிடுவார்கள். கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டால் கீழ் மாடி வகுப்புக்குச் சத்தம் போகாது. பக்கச் சுவர் இரண்டிலும் பலகை வேண்டும், அது பச்சைப் பெயின்ட் அடித்த சுவராக இருந்தாலும் சரி. நடுவில் ஆசிரியர் நடக்க வழி விட வேண்டும். இப்போது கடைசி பெஞ்சில் சுவரோரம் இருக்கும் பிள்ளையின் நோட்டை என்னால் எட்டிப் பார்க்கக்கூட முடிவதில்லை. ஸ்மார்ட் போர்டு வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினாலே நிறையச் செய்யலாம். என்னைக் கேட்டால், ஸ்மார்ட் போர்டு இல்லாமல் பாடம் நடத்திவிடுவேன், திருப்ப முடியாத பெஞ்சை வைத்துக்கொண்டு நடத்துவதுதான் கஷ்டம்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடிக்கு இன்னும் டெஸ்க் வரவில்லை. வேறு கல்லூரிகளிலும் இப்படிக் காலியான அறைகள் இருக்கும். ஆர்டர் போடும் அதிகாரிகள் அதற்கு முன் ஒரே ஒரு நாள், பாடம் நடத்துகிறவர்களையும் அங்கே உட்காரப்போகிற பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
அரசுக் கலைக் கல்லூரி